பர்கூர்த் தம்பிக்கு ஒரு பதில்

நெதர்லாந்துல வாகெனிங்கன் வர்றீங்க, சாப்பாட்டுல கலந்த ரசாயனம் உடம்புக்குள்ள என்னாகுதுன்னு கம்ப்யூட்டர் மாடல் போடுற பிஎச்டி. வீடு, குளிர், சாப்பாடு, கோடிங் எல்லாம் எப்படின்னு கேட்டிருக்கீங்க. குளிரும் சாப்பாடும் தானா பழகிடும். ராகி மாவு மட்டும் ரெண்டு கிலோ பெட்டியில வைங்க.

வீட்டை நேர்ல பார்க்காம அட்வான்ஸ் அனுப்பிடாதீங்க. 2011ல நான் பாலக்கோட்டுல இருந்தே 600 யூரோ அனுப்பிட்டு வந்து இறங்கினா, அந்த முகவரியில சைக்கிள் ரிப்பேர் கடை. கடைக்காரர் என் கையில இருந்த தாளைப் படிச்சுட்டு ஒரு காபி கொடுத்தார், அவ்வளவுதான். அந்த முகவரியை நகராட்சியில பதிய விடுவாங்களான்னும் கேட்டுக்கோங்க. பதியலேன்னா பிஎஸ்என் நம்பர் (இங்க ஆளாளுக்குக் கொடுக்குற அரசு அடையாள எண்) வர்றது இழுக்கும், சம்பளம் பேங்க் எல்லாம் அதோட சேர்ந்து இழுக்கும்.

கோடிங்கா? மூணு மாசத்துல வந்துடும். உடம்பைப் படிச்சுட்டு வாங்க. கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு, எலும்புன்னு ஒவ்வொண்ணையும் ஒரு ஏரி மாதிரி வச்சு, எந்த மதகுல எவ்வளவு உள்ள வருது, எவ்வளவு வெளிய போகுதுன்னு கணக்குப் போடுறதுதான் நம்ம வேலை. ஐடி வேலையை விட்டுட்டு வர்ற நம்ம பசங்க மதகை அளக்காமலே கணக்கைத் தொடங்கிடுறாங்க. கிராஃப் மட்டும் அழகா வரும்.

முதல் வருஷம் நானும் அந்த லட்சணம்தான். நம்ம பக்கத்து நிலத்தடித் தண்ணியில இருக்குற, அளவு மீறினா பல்லையும் எலும்பையும் கெடுக்குற புளோரைடுக்கு மாடல் போட்டேன். ஐரோப்பாவுல வழக்கமா எடுக்குற 70 கிலோ ஆள், ஒரு நாளைக்கு 2 லிட்டர் தண்ணி, லிட்டருக்கு உலக சுகாதார நிறுவனத்தோட வரம்பு 1.5 மில்லிகிராம். கோடு அமைதியா படுத்திருந்துச்சு. எங்கப்பா 52 கிலோ. சித்திரையில கடலைக்காட்டுல நின்னா 5 லிட்டர் குடிப்பார், அதுவும் வரம்பைத் தாண்டின போர் தண்ணி. அந்த எண்களைப் போட்டதும் எலும்புக்கான கோடு ஏறிக்கிட்டே போச்சு. உடம்புல தங்குற புளோரைடு கிட்டத்தட்ட 99 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும்தான். போர் தண்ணிக்குப் பதிலா ஒகேனக்கல் ஆத்துத் தண்ணி ஊருக்கு 2013ல வந்துச்சு. அதுக்குள்ள அப்பாவால சம்மணம் போட்டு உட்கார முடியாமப் போயிருந்துச்சு.

இங்க சிலர் ஊர் எதுன்னு கேட்டா "பெங்களூர் பக்கம்"பாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வரும். நீங்க கிருஷ்ணகிரின்னே சொல்லுங்க. இத்தனை ரசாயனம் இருக்க ஏன் புளோரைடுன்னு என் புரொபசர் கேட்டப்ப நான் வாயைத் திறந்து பதில் சொல்லல. பல்லைக் காட்டினேன், பழுப்புக் கறையோட.