கம்பி வேலி பேனலை வளைத்துக் கொடிப் பந்தலும் கோழிக்கூண்டும் கட்டலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?

தாராளமாகக் கட்டலாம். நான் இரண்டுமே கட்டியிருக்கிறேன். ஆடு மாடு அடைக்க விற்கும் அந்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி பேனல் நன்றாக வளையும்; கையை எடுத்தால் நிமிரப் பார்க்கும். அந்த விறைப்புதான் வளைவைத் தூக்கி நிறுத்துகிறது. அதனால் வளைப்பதைவிட, இரண்டு பக்கக் கால்களும் வெளியே நகராமல் பிடித்து வைப்பதில்தான் வேலை அதிகம்.

முதலில் கால்களுக்கு இடையே எவ்வளவு அகலம் என்று முடிவு செய்யுங்கள். வழக்கமான பேனல் 16 அடி நீளம், 4 அடிக்குச் சற்று மேல் அகலம். 6 அடி இடைவெளி விட்டால் நடுவில் ஆறரை அடி உயரம் கிடைக்கும். 8 அடி விட்டால் உச்சி 6 அடிக்கு இறங்கிவிடும். 10 அடி விட்டால் 5 அடிதான். தினமும் குனிந்தபடியே முட்டை எடுக்க வேண்டும். கொடிக்கு 6, கோழிக்கு 8 என்பது என் தேர்வு.

தனியாளாக வளைக்க வேண்டாம். கை நழுவினால் பேனல் சீறிக்கொண்டு நிமிரும், முனைகள் முகத்துக்கு நேராக வரும். ஒரு முனையை முளையில் முட்டக் கொடுத்து, மறுமுனையை இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்தால் போதும்.

பந்தலுக்கு, பக்கத்துக்கு இரண்டு இரும்பு முளைகளை ஒன்றரை அடி ஆழம் அடித்து, அவற்றின் உள்பக்கம் பேனலை நிறுத்திக் கட்டுக்கம்பியால் மூன்று இடத்தில் முறுக்குங்கள். பந்தலின் நீளம் வடக்கு தெற்காக இருந்தால் காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் விழும். பாகல், பீர்க்கு, அவரை எல்லாம் தானே ஏறிக்கொள்ளும். சுரைக்காய்க்கு மட்டும் ஒரு கண் வேண்டும். பிஞ்சு கம்பிக் கட்டத்துக்குள் மாட்டியபடியே பருத்தால் இடுப்பு நெரிந்துவிடும். அப்புறம் காயை இரண்டாக வெட்டித்தான் எடுக்க முடியும். விரல் தடிமனில் இருக்கும்போதே உள்பக்கம் தள்ளிவிடுங்கள்.

கூண்டுக்கு முளை போதாது, மரச்சட்டம் வேண்டும். சட்டத்தின் உள்விளிம்பில் கால்களை இறக்கினால் வளைவின் உதைப்பை மரம் வாங்கிக்கொள்ளும். பேனலைப் 'ப' ஆணியால் அடித்துவிடுங்கள். இரண்டு பேனல் சேர்ப்பதானால் ஒரு கட்டம் ஒன்றின்மேல் ஒன்று ஏறட்டும். உச்சியில் நீளவாக்கில் ஒரு கட்டை கொடுத்து முட்டுக்கொடுத்தால் மழைநீர் தேங்கித் தொய்யாது.

பேனலின் கட்டங்கள் பெரியவை, கீரி சாவகாசமாக நுழையும். பேனலின்மேல் இன்னொரு வலை கட்டாயம். ஆறுகோணக் கண்ணுள்ள சாதாரணக் கோழிவலை கோழி வெளியே போகாமல் தடுக்கும், அவ்வளவுதான், நாய் கிழித்துவிடும். அரை அங்குலக் கண்ணுள்ள வெல்ட் மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்த வலை)தான் சரி. அதையே கூண்டைச் சுற்றி வெளியே ஒன்றரை அடி தரையில் படுக்கப் போட்டு மண் தள்ளுங்கள். தோண்டும் பிராணி சுவர் ஓரத்தில்தான் தோண்டும், அங்கே வலை காலைத் தடுக்கும்.

கூண்டின்மேல் போடும் தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள், தளர்ந்திருந்தால் காற்று கூண்டையே தூக்கப் பார்க்கும். மூலைக்கு ஒரு முளை அடித்துச் சட்டத்தோடு பிணைப்பது நல்லது. ஆனால் இருபுற முகப்பின் மேல்பகுதியையும் தார்ப்பாயால் மூடவே கூடாது. எச்சத்தின் அம்மோனியா நெடி வெளியேற வழி வேண்டும்.

பேனலை வெட்ட நேர்ந்தால் குறுக்குக் கம்பியை ஒட்டி வெட்டுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் துண்டு கையைக் கிழிக்கும். வெட்டிய முனையில் துத்தநாகப் பூச்சு போய்விடுவதால், அரத்தால் தேய்த்து துத்தநாக பெயிண்ட் தடவி வையுங்கள், துரு அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.