டிஎன்எஸ்: கம்பெனி கொடுத்ததா, நாமே போட்டதா?

கேள்வி: 100 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருக்கிறேன். டிஎன்எஸ்ஸை கூகுளின் 8.8.8.8 என்று மாற்றினால் டவுன்லோடு வேகம் கூடுமா சார்?

கூடாது. தளத்தின் பெயரைக் கேட்டு அதன் ஐபி முகவரியை (அந்தத் தளம் இருக்கும் சர்வரின் எண்ணை) சொல்வதோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்தது. அதன்பிறகு ஃபைல் இறங்குவது உங்கள் லைனைப் பொறுத்தது. பக்கம் திறக்கத் தொடங்கும் அந்தக் கணத்தில்தான் சிறு வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று: சில வீடியோ சேவைகள் தங்கள் சர்வர்களை நெட் கம்பெனியின் இடத்திலேயே வைத்திருக்கும். கம்பெனி டிஎன்எஸ் உங்களை நேராக அங்கே அனுப்பிவிடும். வெளி டிஎன்எஸ் சில சமயம் தூரத்து சர்வரைக் காட்டும். மாற்றிய பிறகு படம் சுற்றிக்கொண்டே நின்றால், பழையதையே திரும்பப் போடுங்கள்.

கேள்வி: சாயங்காலமானால் எந்தத் தளமும் திறப்பதில்லை. ரவுட்டரில் விளக்கெல்லாம் பச்சையாகத்தான் எரிகிறது. கம்பெனியில் கேட்டால் "ரீஸ்டார்ட் பண்ணுங்க" என்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இதே தொல்லை இருந்தது. பத்து நாள் ரீஸ்டார்ட் செய்தே ஓய்ந்தேன். பிறகு லேப்டாப்பில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து 'பிங் 8.8.8.8' அடித்தேன். அந்த முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை அது. நான்கு பதிலும் ஒழுங்காக வந்தன. அதே இடத்தில் ஒரு தளத்தின் பெயரைப் போட்டால், அப்படி ஒரு பெயரே கிடைக்கவில்லை என்றது. லைனில் கோளாறு இல்லை, கம்பெனி டிஎன்எஸ்தான் படுத்துவிட்டது என்று அப்போதே புரிந்தது.

நீங்களும் இதைச் செய்து பாருங்கள். எனக்கு வந்த மாதிரியே வந்தால் ரவுட்டர் செட்டிங்கில் முதலாவதாக 1.1.1.1, இரண்டாவதாக 8.8.8.8 போடுங்கள். முன்னது கிளவுட்ஃபிளேர், பின்னது கூகுள். இரண்டும் வேறு வேறு நிறுவனமாக இருப்பது முக்கியம். ஒன்று விழுந்தாலும் மற்றது தாங்கும். கம்பெனி ரவுட்டரில் அந்த இடம் பூட்டியிருந்தால் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக மாற்ற வேண்டியதுதான். முதல் பிங்கே போகவில்லை என்றால் டிஎன்எஸ் மாற்றிப் பயனில்லை, லைன்மேனைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: வெளி டிஎன்எஸ் போட்டால் நான் பார்ப்பது நெட் கம்பெனிக்குத் தெரியாதல்லவா?

எண்ணை மட்டும் மாற்றினால் தெரியும். எந்தத் தளம் வேண்டும் என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்பது தபால் கார்டு போலத் திறந்தேதான் போகிறது. மறையாக்கம் வேண்டும், அதாவது இடையில் யாரும் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்ப வேண்டும். அதற்கு ஆண்ட்ராய்டு 9 முதல் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்றொரு செட்டிங் இருக்கிறது. அங்கே எண் எடுபடாது, 'டிஎன்எஸ்.கூகுள்' என்பதுபோல சர்வரின் பெயரை ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டும். அப்போதும் நீங்கள் எந்த ஐபியோடு இணைகிறீர்கள் என்பது கம்பெனிக்குத் தெரியும்.

டிஎன்எஸ்ஸிடம் நீங்கள் கேட்பதெல்லாம் இனி வேறொருவர் கையில் போகிறது என்பதையும் யோசியுங்கள். உங்கள் முழு ஐபி முகவரியை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் அழித்துவிடுவதாக கூகுள் சொல்கிறது. சுவிட்சர்லாந்திலிருந்து லாபநோக்கின்றி இயங்கும் குவாட்9 (9.9.9.9) அதைச் சேமிப்பதே இல்லை என்கிறது, மோசடித் தளங்களையும் தடுக்கிறது. அம்மா அப்பா போனில் நான் போட்டிருப்பது இதைத்தான்.

கேள்வி: பிள்ளைகளுக்கு எந்த டிஎன்எஸ் போடலாம்?

ரவுட்டரில் முதலாவதாக கிளவுட்ஃபிளேரின் 1.1.1.3, இரண்டாவதாக 1.0.0.3. ஆபாசத் தளங்களைத் தடுக்கும். மொபைல் டேட்டாவுக்கு மாறினால் இந்தத் தடுப்பு செல்லாது.

கேள்வி: பிரைவேட் டிஎன்எஸ் போட்டதிலிருந்து லாட்ஜ் வைஃபையில் லாகின் பக்கமே வருவதில்லை.

அதைத் தற்காலிகமாக 'ஆஃப்' செய்து லாகின் ஆகுங்கள். நெட் வந்ததும் மறக்காமல் திரும்பப் போடுங்கள்.