புதிதாக வரும் பல்கலைக்கழகத் தலைவர் மாணவர், ஆசிரியர், ஊர் மக்கள் ஆகியோருக்காக என்ன இலக்கு வைக்க வேண்டும்? நல்ல முன்னுதாரணம் உண்டா?

உண்டு. பொறுப்பேற்பு உரைகளில் மாணவர் நலனும் சமூகப் பணியும் தவறாமல் இடம்பெறும். நான் அவற்றைவிட, முதல் பணம் எதற்குப் போகிறது என்றுதான் பார்ப்பேன். அந்த வகையில் எனக்கு உடனே நினைவுக்கு வருபவர் ரூத் சிம்மன்ஸ்.

2001 ஜூலையில் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரிலுள்ள பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு அவர் தலைவரானார். ஐவி லீக் எனப்படும் எட்டுப் புகழ்பெற்ற அமெரிக்கத் தனியார் பல்கலைக்கழகங்களில் ஒன்றுக்குத் தலைமையேற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். டெக்சாஸில் குத்தகை உழவர் வீட்டில் 12 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்து, உதவித்தொகையில் கல்லூரிக்குப் போனவர். பிரவுனில் அவர் முதலில் தொட்டதும் கட்டணத்தைத்தான். அமெரிக்க மாணவர்களைச் சேர்க்கும்போது குடும்பத்தால் பணம் கட்ட முடியுமா என்று பார்க்கவே கூடாது என்ற முடிவு 2002-இல் எடுக்கப்பட்டது. வெளிநாட்டு மாணவருக்கு அன்று அது பொருந்தவில்லை. எனக்கு அதில் வருத்தம் உண்டு. ஆனாலும் அந்த முடிவு உதவித்தொகைக்குப் பெரிய கொடைகளை ஈர்த்தது. பணமில்லாமல் ஓராண்டிலேயே பிரவுனைவிட்டு விலகிய சிட்னி பிராங்க், பிற்காலத்தில் தொழிலதிபராகி, 2004-இல் 10 கோடி டாலரை மாணவர் உதவித்தொகைக்கென்றே கொடுத்தார்.

ஆசிரியர்களுக்கு வைத்த இலக்கு எளிது: கூடுதலாக 100 பேர். முதலாண்டு மாணவர்களுக்கென்று சிறிய கருத்தரங்க வகுப்புகளும் தொடங்கின.

ஊருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உள்ள உறவுதான் கடினமான பகுதி. பிரவுன் தொடங்கப்பட்டது 1764-இல். அதே ஆண்டு, பின்னர் அந்தப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த பிரவுன் குடும்பத்துச் சகோதரர்களின் 'சாலி' என்ற கப்பல் அடிமைகளை வாங்க ஆப்பிரிக்காவுக்குப் புறப்பட்டது. வாங்கப்பட்ட 196 பேரில் குறைந்தது 109 பேர் மாண்டார்கள். பதவிக்கு வந்த புதிதில் இதைக் கிளற எந்த நிர்வாகிக்கும் மனம் வராது; கொடையாளர்கள் முகம் சுளிப்பார்கள். சிம்மன்ஸ் 2003-இல் இதை ஆராயவே ஒரு குழு அமைத்தார். ஆசிரியர், மாணவர், நிர்வாகிகள் சேர்ந்து பணியாற்றிய அந்தக் குழு 2006-இல் அறிக்கை தந்தது. பல்கலைக்கழகம் தன் சொந்தக் கணக்குப் புத்தகங்களைத் தானே திறந்து காட்டியது என் பார்வையில் அவருடைய ஆகப்பெரிய சாதனை. அதன் பிறகு வேறு பல பல்கலைக்கழகங்களும் தங்கள் வரலாற்றைத் தோண்டத் தொடங்கின.

அந்த அறிக்கைக்கு மறுமொழியாக 2007-இல் பல்கலைக்கழகம் அறிவித்தவற்றில் ஒன்று, பிராவிடன்ஸ் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 1 கோடி டாலர் நிதி. அது முழுமையாகச் சேர்ந்தது 2020-இல்தான். சிம்மன்ஸ் 2012-இலேயே பதவியைவிட்டுப் போயிருந்தார். 2007-இல் ஒன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பள்ளிப்படிப்பையே முடித்திருக்கும். உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் புதிய தலைவர் வந்திருந்தால், ஊருக்கு அவர் சொல்லும் வாக்குறுதியில் தொகையோடு தேதியும் இருக்கிறதா என்று கேளுங்கள்.