ட்ரம்ஸை விற்றுவிடட்டா?

கேள்வி: எனது மகன் உயர்தரம் உயிரியல் பிரிவில் படித்துப் பேராதனைக்குத் தெரிவாகியிருக்கிறான். ஆனால் பொழுதுக்கும் மூன்று சிநேகிதரோடு பின்விறாந்தையில் ட்ரம்ஸ் அடிக்கிறான். 'மைலோ கோஸ் டு கொலிஜ்' என்ற அல்பத்தைத் திரும்பத் திரும்பக் கேட்கிறான். ஒரே கத்தல். தாய் தகப்பனைத் திட்டும் பாட்டும் அதில் இருக்கிறதாம். கம்பஸுக்குப் போக மனமில்லையோ என்று பயமாக இருக்கிறது. ட்ரம்ஸை விற்றுவிடட்டா?
- ஒரு தாய், கொக்குவில்

பதில்: பயப்படாதீர்கள் தங்கச்சி. உங்கள் மகன் கேட்பது, ஒருவன் உயிரியல் படிக்கப் புறப்பட்டபோது அவனுடைய சிநேகிதர் செய்த அல்பம்.

கலிபோர்னியாவின் கடற்கரை ஊர்ப் பையன்களின் ஹார்ட்கோர் பங்க் (வேகமாக அடித்துக் கத்திப் பாடும் ஒருவகை ரொக் இசை) குழு டிசென்டன்ட்ஸ். 1982இல் அவர்களின் பாடகர் மைலோ ஆக்கர்மன் பல்கலைக்கழகம் போக முடிவெடுத்தார். மற்றவர்கள் மறிக்கவில்லை. அவர் போவதையே அல்பத்துக்குப் பெயராக வைத்து, அதை அவருக்கே சமர்ப்பணமும் செய்தார்கள். அட்டையைப் பாருங்கள். மண்டையோடும் இல்லை, இரத்தமும் இல்லை. கண்ணாடியும் கழுத்துப்பட்டியுமாக ஒரு படிக்கிற பையனின் கோட்டுச் சித்திரம். மைலோ பிறகு கலாநிதிப் பட்டம் பெற்றுத் தாவர ஆராய்ச்சியில் பல வருடம் வேலை செய்தார்.

பதினைந்து பாட்டு, எல்லாமாக 22 நிமிடம்தான். ஒருதரம் மகனோடு இருந்து கேளுங்கள். விரும்பின பெட்டை திரும்பிப் பாராத கவலை, கற்றலினா தீவுக்கு மீன்பிடிக்கப் போவது, பெற்றோரின் ஏச்சு என்று பதினெட்டு வயதின் சங்கதிகள் எல்லாம் இருக்கின்றன. பெற்றோர் பற்றிய பாட்டை நீங்கள் மனதில் எடுக்க வேண்டாம். அந்த வயதில் கதவைச் சாத்திவிட்டு முணுமுணுப்பதை இவர்கள் மைக்கில் கத்துகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் சில பாட்டுகளில் மற்றவர்களை இழிவுபடுத்தும் சொற்களும் உண்டு. அவை எனக்குப் பிடிக்காது. உங்களுக்கும் பிடிக்காவிட்டால் மகனிடம் நேரே சொல்லுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது 'சபர்பன் ஹோம்'. அதை எழுதிய பேஸ் வாத்தியக்காரர் டோனி லொம்பார்டோ மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இருபது வயது மூத்தவர். எல்லாரையும் போல எனக்கும் அமைதியாக ஒரு வீடு வேண்டும் என்கிறது பாட்டு. கேட்கிறவர்கள் நக்கல் என்று நினைப்பார்கள், அவர் அதை மனதாரத்தான் எழுதினார். வளரப் பயந்த பையன்களும் வளர்ந்து களைத்த மனிதரும் ஒரே குழுவில் வாசித்ததால்தான் அந்த அல்பம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பேன்.

யுத்த காலத்து யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மின்சாரம் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் கசற் கேட்டோம். சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் பாடுகிறவரின் குரலும் இழுபடும். 'படிக்கிற பிள்ளைகளுக்கு இது என்னத்துக்கு' என்று எங்களுக்கும் ஏச்சு விழுந்தது. 1995 இடப்பெயர்வோடு அந்தக் கூட்டம் சிதறிப்போனது. ஒருவரை ஒருவர் வழியனுப்பக்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் மகனுக்கும் அந்த மூன்று பேருக்கும் அது கிடைக்கட்டும். பேராதனைக்குப் போக மனமில்லை என்றில்லை, சிநேகிதரை விட்டுப் போவதுதான் அவனுக்குக் கஷ்டமாக இருக்கும்.

சரி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பின்னேரம் ஆறரைக்குப் பிறகு அடிக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், அயலட்டையும் பார்க்க வேண்டும். போவதற்கு முந்தின கிழமை நாலு பேருக்கும் வீட்டில் சாப்பாடு போட்டு, முழுப் பாட்டையும் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ட்ரம்ஸை மட்டும் விற்க வேண்டாம். படிக்கப் போன மைலோ 1985இல் திரும்ப வந்து அதே குழுவில் பாடினார். உங்கள் மகனும் லீவுக்கு வருவான்தானே.