அப்பா விட்டுப்போன லிமிடெட் எடிஷன் ரிவால்வருக்கு என்ன விலை?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து வாசகர் ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம்: எங்கள் அப்பா ஜார்ஜ்டவுனில் நகைக்கடை வைத்திருந்தார். கடைப் பாதுகாப்புக்கு லைசென்ஸ் எடுத்து, 1980களில் கோல்ட் (Colt) என்ற அமெரிக்கத் துப்பாக்கிக் கம்பெனியின் நினைவுப் பதிப்பு ரிவால்வர் ஒன்றை வாங்கினார். மரப்பெட்டி, தங்க எழுத்து, வரிசை எண் எல்லாம் உண்டு. அவர் காலமாகி ஒன்றரை வருடம் ஆகிறது. உயில் இல்லை. அம்மா அதை என்னிடம் கொடுத்து, "அப்பா ஞாபகமா நீயே வச்சுக்கப்பா" என்றார். இப்போது அண்ணன், அது 4,500 டாலர் போகும் என்று இணையத்தில் பார்த்துவிட்டுப் பாதிப் பணம் கேட்கிறார். தராவிட்டால் போலீஸ் ரிப்போர்ட் போடுவாராம். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர் அவர். இந்த மாதிரி ரிவால்வர் விலை ஏறுமா? இன்னும் பத்து வருடம் வைத்திருந்து விற்கலாமா? இல்லை, தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் சுடும் ஊசியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாமா? படம் இணைத்திருக்கிறேன்.

பதில்:

உங்கள் கடிதத்தில் முக்கால்வாசி அண்ணனைப் பற்றியது. ஆஸ்பத்திரிக்கு யார் வந்தார், பதினாறாம் நாள் காரியத்தில் அண்ணி என்ன சொன்னார், கடைச் சாவி யாரிடம் இருந்தது என்று எல்லாவற்றையும் படித்தேன். மனம் புண்பட்டிருப்பது புரிகிறது. ஆனால் சொத்துப் பங்கீட்டில் இவை எதற்கும் இடம் கிடையாது. நான் கேட்பது ஒன்றுதான். அந்த ரிவால்வர் இப்போது உங்கள் வீட்டில் இருக்கிறது. உங்கள் பெயரில் லைசென்ஸ் இருக்கிறதா?

இல்லை. அப்பாவின் லைசென்ஸ் அப்பா என்ற ஆளுக்குக் கொடுக்கப்பட்டது. அது பிள்ளைக்கு வராது. அம்மா கையில் எடுத்துக் கொடுத்ததால் அது உங்களுடையதாகவும் ஆகிவிடாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ ஒருவரின் உடைமையில், பொறுப்பில், கட்டுப்பாட்டில் இருந்தாலே குற்றம். இந்தச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம். அதற்கு மேல் 1971ஆம் ஆண்டின் சுடும் ஆயுதக் கூடுதல் தண்டனைச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 8ஆம் பிரிவில் வழக்குப் போட்டால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது ஆறு பிரம்படி. அந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு ஜாமீனும் கிடையாது. வழக்கு முடியும்வரை உள்ளேதான். எந்தச் சட்டத்தில் குற்றம் சாட்டுவது என்பதை அரசு வழக்கறிஞர் முடிவு செய்வார். அதில் உங்களுக்கோ அண்ணனுக்கோ பேச்சே இல்லை.

நீங்கள் விலை கேட்கிறீர்கள். நான் தண்டனையைச் சொல்கிறேன். இரண்டும் ஒரே விஷயம்தான், ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தச் சுடும் ஊசி. அதைக் கழற்றினால் துப்பாக்கி வெறும் பொம்மை ஆகிவிடும் என்று நம்புகிற பலரைப் பார்த்திருக்கிறேன். சட்டத்தில் "ஆயுதம்" என்பதற்கான விளக்கத்தில், சுடக்கூடியது மட்டும் அல்ல, சுடும்படி மாற்றி அமைக்கக்கூடியதும் அடங்கும். அதன் உதிரிப் பாகமும் அடங்கும். கழற்றிய ஊசியை மேசை இழுப்பறையில் போட்டு வைத்தால் அதுவும் சேர்ந்துவிடும். பொம்மைத் துப்பாக்கி என்று சொல்லித் தப்பிப்பதும் சிரமம். போலித் துப்பாக்கி வைத்திருப்பதற்கே 36ஆம் பிரிவில் ஓராண்டுச் சிறை, 5,000 ரிங்கிட் அபராதம் வரை போகலாம். ஆகவே கண்ணாடிச் சட்டத்தை மறந்துவிடுங்கள்.

தோட்டா இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நகைக்கடைக்காரர் ரிவால்வர் வாங்கியிருந்தால் தோட்டாவும் வாங்கியிருப்பார். கடையின் இரும்புப் பெட்டியில், சாமி அறை அலமாரியில், பழைய பிஸ்கட் டின்னில் என்று எங்காவது ஆறோ பத்தோ கிடக்கும். அது தனிக் குற்றச்சாட்டு. வேறு துப்பாக்கி எதுவும் அப்பா வைத்திருந்தாரா என்றும் அம்மாவிடம் கேளுங்கள். லைசென்ஸ் இல்லாமல் இரண்டுக்கு மேல் இருந்தால், துப்பாக்கிக் கடத்தல் என்று 1971ஆம் ஆண்டுச் சட்டமே அனுமானித்துக்கொள்ளும். அது இன்னொரு உலகம். அங்கே தண்டனை இதைவிட மிகக் கடுமை.

சரி, விலைக்கு வருகிறேன், உங்கள் கேள்வி அதுதானே.

கம்பெனியே "நினைவுப் பதிப்பு" என்று பெயர் வைத்து விற்ற ரிவால்வர்கள், பொதுவாக வாங்கியவர் எதிர்பார்த்த அளவுக்கு விலை ஏறுவதில்லை. கோல்ட் கம்பெனி 1961இல் இதைத் தொடங்கியது. மாநிலத்துக்கு ஒன்று, நகரத்துக்கு ஒன்று, பழைய காவல் அதிகாரிக்கு ஒன்று என்று வரிசையாக வெளியிட்டது. வாங்கிய எல்லோருமே பெட்டியைப் பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். அதனால் அறுபது வருடம் கழித்தும் புதுக் கருக்கோடு பெட்டியில் இருப்பவை ஏராளம். எல்லோரிடமும் இருக்கிற அபூர்வப் பொருளுக்கு யார் கூடுதல் பணம் கொடுப்பார்? உண்மையில் விலை ஏறியவை வேறு வகை. 1847ஆம் ஆண்டின் கோல்ட் வாக்கர் என்ற ரிவால்வர் மொத்தமே சுமார் 1,100தான் செய்யப்பட்டது. சண்டைக்குப் போய் அடிபட்டு, உடைந்து, தப்பியவை கொஞ்சம். நல்ல நிலையில் இருந்த ஒன்று 2018இல் 18 லட்சம் டாலருக்கு மேல் போனது. பில்லி தி கிட் என்ற கொள்ளைக்காரனை பேட் காரெட் என்ற அமெரிக்கக் காவல் அதிகாரி சுட்டுக் கொன்ற ரிவால்வர் 2021இல் 60 லட்சம் டாலரைத் தாண்டியது. அந்த விலை கம்பெனி பொறித்த தங்க எழுத்துக்கு வந்ததில்லை, நடந்த சம்பவத்துக்கு வந்தது. கோல்ட் பைதான் என்ற சாதாரண உற்பத்தி ரிவால்வரைப் பாருங்கள். 1955இல் வந்தது, 2005இல் நின்றது. நின்ற பிறகு மளமளவென்று விலை ஏறியது. 2020இல் கம்பெனி அதை மறுபடியும் செய்யத் தொடங்கியது. சேகரிப்பாளர் கையிருப்பின் விலை தொழிற்சாலை எடுக்கும் ஒரு முடிவுக்குக் கட்டுப்பட்டது என்பதற்கு அதுவே சாட்சி.

இவற்றிலும் நிலைமைதான் பாதி விலை. ஒருமுறையும் சுடாதது, பெட்டி, காகிதம், அட்டை உறை எல்லாம் சேர்ந்தது என்றால் ஒரு விலை, இல்லையென்றால் வேறு. நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தோட்டா போடும் சிலிண்டரைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று ஓடுகிறது. சிலிண்டரைக் கையால் சுழற்றும்போது, கீழிருந்து எழும்புகிற சின்னத் தாழ் உரசி உரசி அந்தக் கோட்டைப் போடும். தீபாவளிக்கு வரும் விருந்தாளிகளுக்கு அப்பா சுற்றிக் காட்டுவார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அந்தக் கோட்டைத்தான்.

இன்னொன்று. அண்ணன் பார்த்த 4,500 டாலர், விற்பவர் கேட்கிற விலை. யாரும் கொடுத்த விலை இல்லை. அதுவும் அமெரிக்காவில் இருக்கும் பொருளுக்கு, அங்கே இருப்பவர் கொடுக்கக்கூடியது. பினாங்கில் இருக்கும் ரிவால்வர் அங்கே போய்ச் சேர இங்கே ஏற்றுமதி அனுமதி வேண்டும், அங்கே இறக்குமதி அனுமதியும் வேண்டும். ஒற்றைத் துப்பாக்கிக்காக இதையெல்லாம் செய்து முடிக்கிற செலவில் லாபம் கரைந்துவிடும். உள்ளூரிலோ, லைசென்ஸ் உள்ளவரும் ஆயுத வியாபாரியும் மட்டுமே வாங்க முடியும். அதற்கும் போலீஸ் அனுமதி வேண்டும். தனி ஆளுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் சுலபமாகக் கிடைக்கும் நாடு இது இல்லை. வாங்க ஆள் இல்லாத பொருளுக்குச் சந்தை விலை என்று ஒன்று இருக்காது. உங்கள் அண்ணன் பாதி கேட்பது ஏறக்குறைய ஒன்றுமில்லாததில் பாதி. பாதி என்ற கணக்கும் தப்பு. உயில் இல்லை, தாத்தா பாட்டி இல்லை, அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் என்றால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி அம்மாவுக்கு மூன்றில் ஒன்று. மீதி இரண்டு பங்கு உங்கள் இருவருக்கும் சமமாக. அம்மாவை இருவருமே கணக்கில் சேர்க்கவில்லை.

இனி நான் பயப்படுகிற இடம். இந்த மாதிரி வழக்குகளில் ஆட்கள் மாட்டிக்கொள்வது துப்பாக்கியால் குறைவு, அதைச் சுற்றி அவர்கள் செய்கிற காரியங்களால் அதிகம்.

என்னிடம் ஒருவர் வந்தார். வீட்டை விற்பதற்காகச் சுத்தம் செய்தபோது, இறந்துபோன அப்பாவின் வேட்டைத் துப்பாக்கி கிடைத்தது. நல்ல மனிதர், போலீஸில் ஒப்படைக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். துணியில் சுற்றி, காரின் பின்பக்கப் பெட்டியில் வைத்துப் புறப்பட்டார். வழியில் சாலைத் தடுப்பு. நிலையத்துக்குத்தான் கொண்டுபோகிறேன் என்று அவர் சொன்னதை அந்த நேரத்தில் யார் நம்புவார்? முதலில் தடுப்புக் காவல், அப்புறம் விசாரணை, அப்புறம்தான் நம்பிக்கை. அந்த சில நாட்கள் அவர் மனைவி என் அலுவலக வாசலில் உட்கார்ந்திருந்தார். ஆகவே நீங்கள் அதை எடுத்துக்கொண்டு எங்கும் போகாதீர்கள். மதிப்பீடு செய்ய, நண்பருக்குக் காட்ட, அண்ணன் வீட்டில் வைத்துவிட்டு வர என்று எதற்காகவும் பினாங்குப் பாலத்தைத் தாண்டாதீர்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப். குடும்பக் குழுவில் நீங்களும் அண்ணனும் மாறி மாறிப் படம் போட்டிருக்கிறீர்கள். சாப்பாட்டு மேசை மேல் ரிவால்வர், பக்கத்தில் உங்கள் கட்டைவிரல். உடைமை இருந்தது, அது என்னவென்று தெரிந்தும் இருந்தது, எத்தனை மாதமாக இருந்தது என்று அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டியதை நீங்களே தேதி போட்டு எழுதிக் கொடுத்தாயிற்று. இனி ஒரு படமும் யாருக்கும் அனுப்பாதீர்கள், எனக்கும்தான். இருப்பதை அழிக்கவும் வேண்டாம். சாட்சியத்தை அழித்தார் என்பது இன்னொரு குற்றச்சாட்டாகிவிடும். கடலில் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால் அதற்கும் இதே பதில்தான்.

மூன்றாவதுதான் பெரிது. அண்ணன் மிரட்டுகிறார், நீங்கள் ஏதாவது பணம் கொடுத்து வாயை அடைக்கலாமா என்று யோசிக்கிறீர்கள். கடிதத்தின் கடைசிப் பத்தியில் அது தெரிகிறது. செய்யாதீர்கள். குற்றத்தை மறைப்பதற்காகப் பணம் வாங்குவது குற்றவியல் சட்டத்தின் 213ஆம் பிரிவு, கொடுக்க முன்வருவது 214ஆம் பிரிவு. இப்போது உங்களிடம் ஒரு குற்றம் இருக்கிறது. பணம் கை மாறினால் உங்களுக்கு இரண்டு, அண்ணனுக்கு ஒன்று. "ரிப்போர்ட் போட மாட்டேன், அதற்கு ஈடாக இவ்வளவு" என்று குடும்ப ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் அந்த ஒப்பந்தமும் செல்லாது. மாறாக, அண்ணனுடைய மிரட்டலை வைத்து அவர் மேல் நீங்கள் முந்திக்கொண்டு ரிப்போர்ட் போடலாம் என்ற யோசனையும் வேண்டாம். சொத்துச் சண்டையில் நெருக்குவதற்காகப் போட்ட ரிப்போர்ட்டைச் சமாதானம் ஆனதும் திரும்ப வாங்க ஓடி வந்தவர்கள் உண்டு. போலீஸ் விசாரணை தொடங்கிவிட்டால் அது புகார் கொடுத்தவருடைய சொத்து இல்லை. அரசியலமைப்பின் 145ஆவது விதிப்படி வழக்கைத் தொடுப்பதும் விடுவதும் சட்டத்துறைத் தலைவரின் அதிகாரம். அண்ணன் அழுதாலும் நிற்காது.

வயதானவர்களுக்கு இசா (ISA) என்ற உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் நினைவிருக்கும். அதன் 57ஆம் பிரிவில் துப்பாக்கி வைத்திருந்ததற்கே தூக்கு. 2012இல் அந்தச் சட்டம் போய்விட்டது, அதனால் விஷயம் லேசாகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். ஜாமீனே இல்லாத ஒரு குற்றச்சாட்டில் லேசானது என்று எதுவும் இல்லை.

இப்போது செய்ய வேண்டியது. இந்தப் பதிலைப் படித்த அன்றே குற்றவியல் வழக்கு நடத்தும் ஒரு வழக்கறிஞரை நேரில் பாருங்கள். சொத்து வழக்கு பார்ப்பவர் போதாது. அவர் மாவட்டப் போலீஸ் தலைமையகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் பிரிவோடு பேசி, ரிவால்வரும் தோட்டாவும் எங்கே, எப்படி ஒப்படைக்கப்பட வேண்டும் என்பதை ஏற்பாடு செய்வார். அதுவரை தொடாமல், சுத்தம் செய்யாமல், இருந்த இடத்திலேயே விடுங்கள். அப்பாவின் பழைய லைசென்ஸ் புத்தகம், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் வாக்குமூலம் மூன்றையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். ஒப்படைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்காமல் வெளியே வராதீர்கள். தானாக ஒப்படைத்தால் வழக்கே வராது என்று என்னால் உறுதி தர முடியாது. ஆனால் தானாக வந்து கொடுத்தவரையும், வீட்டுச் சோதனையில் பிடிபட்டவரையும் அரசு வழக்கறிஞர் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. அம்மா இருக்கும் வீட்டில் சோதனை நடந்தால், கொடுத்தது அவர்தான் என்பதால் முதல் கேள்வி அவரிடம்தான் வரும். உங்களுக்கு அண்ணன் மேல் கோபம் இருக்கட்டும், அம்மாவை அந்த நாற்காலியில் உட்கார வைக்காதீர்கள்.

ஒப்படைத்த பிறகு அண்ணனோடு சமாதானமாகப் போங்கள். நேராகவே சொல்கிறேன், இந்த ரிவால்வருக்காக ஒரு வக்கீல் நோட்டீஸ்கூட அனுப்பத் தகுதியில்லை. அது சொத்துப் பட்டியலில் அதன் உண்மையான நிலையோடு, போலீஸ் வசம் இருப்பதாக வரட்டும். சத்தியம் செய்து கொடுக்கும் பட்டியலில் அதை மறைக்கவும் கூடாது, 4,500 டாலர் என்று எழுதவும் கூடாது. சொத்து நிர்வாகியாக நியமிக்கப்படுபவர் பிறகு, போலீஸ் அனுமதியோடு லைசென்ஸ் உள்ள யாராவது வாங்க முன்வந்தால், வருகிற தொகையை அம்மாவையும் சேர்த்து மூன்றாகப் பிரிக்கட்டும். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். கடையும் வீடும்தான் உங்கள் குடும்பத்தின் சொத்து. அதில் அண்ணனுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாவது குடும்ப ஒப்பந்தத்தில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். ஆனால் அந்தக் கையெழுத்து, ரிவால்வர் உங்கள் வீட்டை விட்டுப் போன தேதிக்குப் பின்னால் இருக்க வேண்டும், முன்னால் இருக்கக் கூடாது.