லிஃப்ட் தூக்க மறுக்கிறதா? மினி டிராக்டர் ஹைட்ராலிக் ஃபில்டர்: கேள்வி-பதில்

கோடை உழவு தொடங்கிவிட்டது. இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் லிஃப்ட், அதாவது டிராக்டரின் பின்னால் மாட்டிய கருவியை ஆயில் அழுத்தத்தால் தூக்கி இறக்கும் அமைப்பு, சரியாக வேலை செய்யவில்லை என்ற முறையீடுகள். ஹைட்ராலிக் ஃபில்டரை ஒட்டியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பின்பக்கம் ஊளையிடுவதுபோல் சத்தம் வருகிறது. ரொட்டவேட்டரைத் தூக்கினால் விட்டுவிட்டு ஏறுகிறது. அரை மணி நேரம் ஓடினால் ஓரளவு சரியாகிவிடுகிறது. பம்ப் போய்விட்டது என்கிறார்கள். மாற்றிவிடலாமா? (பொள்ளாச்சி)

பம்ப்புக்குப் பணம் கட்டாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். பெரும்பாலான மினி டிராக்டர்களில் கியர் பாக்ஸில் இருக்கும் ஆயிலைத்தான் பம்ப் ஃபில்டர் வழியாக உறிஞ்சி லிஃப்டுக்குத் தள்ளுகிறது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால், காலையில் கெட்டியாக இருக்கும் ஆயில் பம்ப்புக்குப் போதுமான அளவு வந்து சேராது. அங்கே குமிழிகள் உண்டாகி உடைகின்றன. நீங்கள் கேட்கும் ஊளை அதுதான். ஆயில் சூடாகி இளகியதும் சத்தம் அடங்குகிறது. பம்ப் தேய்ந்திருந்தால் இதற்கு நேர்மாறாக நடக்கும்: காலையில் நன்றாகத் தூக்கும், ஆயில் சூடேறிய பிறகு தளர்ந்துவிடும்.

ஆகவே முதலில் ஃபில்டர். அதையும் நாள் கடத்தாதீர்கள். குமிழிகள் உடைய உடைய பம்ப்பின் உள்சுவரில் குழி விழும். பிறகு பம்ப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டி வரும். புதிய ஃபில்டர் போட்டும் சத்தம் நிற்காவிட்டால் ஆயில் அளவையும், ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவிலுள்ள குழாயின் ஓ ரிங், கிளாம்ப்களையும் பாருங்கள். அங்கே காற்று இழுத்தால் ஆயில் நுரைத்திருக்கும். இன்ஜினை நிறுத்திய பின் தூக்கிய கருவி தானாகவே இறங்குவது வேறு நோய். அது சிலிண்டர் சீல் அல்லது வால்வின் கோளாறு. ஃபில்டர் மாற்றித் தீராது.

ஆண்டுக்கு ஒருமுறை, ஆயுத பூஜை சமயத்தில் மாற்றினால் போதுமா? (தேனி)

சொந்தத் தோட்டத்தில் மட்டும் ஓடும் வண்டிக்கு ஒருவேளை போதும். வாடகைக்கு ஓடும் வண்டிக்குப் போதாது. 300 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். தினம் 8 மணி நேரம் உழுதால் அது ஒன்றரை மாதத்துக்குள் வந்துவிடும். ஹவர் மீட்டரைப் பார்த்து மாற்றுங்கள். இடைவெளி மாடலுக்கு மாடல் மாறும், பொதுவாக 200 முதல் 400 மணி நேரத்துக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்கு உரிய எண் கையேட்டில் இருக்கிறது.

புதிய வண்டி வாங்கியவர்களிடம் ஒன்றை வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். முதல் மாற்றம் பல மாடல்களில் 50 மணி நேரத்திலேயே வந்துவிடும். புதுக் கியர் பற்கள் ஒன்றோடொன்று படியும்போதுதான் இரும்புத்தூள் அதிகம் உதிரும். வண்டி புதிதாகத்தானே இருக்கிறது என்று இதைத் தள்ளிப்போடுகிறவர்கள் ஏராளம்.

நானே மாற்ற முடியுமா? கழற்றினால் ஆயில் முழுக்கக் கொட்டிவிடுமா? (கோபிசெட்டிபாளையம்)

தாராளமாக முடியும். பல மாடல்களில் ஃபில்டர் ஆயில் மட்டத்துக்குக் கீழே இருப்பதால், கழற்றினால் ஆயில் கொட்டத்தான் செய்யும். அதனால் ஆயில் மாற்றும்போதே ஃபில்டரையும் மாற்றிவிடுவது வசதி. இடையில் ஃபில்டரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தால், சுத்தமான பாத்திரத்தில் டிரெயின் பிளக் வழியாக வடித்துக்கொள்ளுங்கள்.

சமதளத்தில் நிறுத்தி, கருவியைத் தரையில் இறக்கி, இன்ஜினை அணைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். ஃபில்டரைச் சுற்றியுள்ள மண்ணைப் பிரஷால் தட்டி, துணியால் துடையுங்கள். கழற்றிய வாயில் விழும் மண் புதிய ஃபில்டரைக் கடக்காமல் நேரே பம்ப்புக்குப் போய்விடும்.

பழையதைச் சுழற்றி எடுத்ததும், அது உட்கார்ந்திருந்த முகப்பைச் சுத்தமான விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பாருங்கள். பழைய ரப்பர் வாஷர் அங்கேயே ஒட்டிக்கொண்டிருப்பது உண்டு. ஆயில் படிந்த கறுப்பில் கண்ணுக்குத் தப்பிவிடும், விரலுக்குத் தப்பாது. அதன்மேல் புதியதை ஏற்றினால் ஆயில் கசியும் அல்லது காற்று இழுக்கும். புதிய வாஷரில் ஆயில் தடவி, கையால் சுழற்றி ஏற்றுங்கள். வாஷர் முகப்பைத் தொட்ட பிறகு அரை முதல் முக்கால் சுற்று வரை கையாலேயே இறுக்கினால் பெரும்பாலான ஃபில்டர்களுக்குப் போதும். ஸ்பானர் கழற்றுவதற்கு மட்டும்.

ஆயில் நிரப்பி, குறைந்த வேகத்தில் ஓடவிட்டு, லிஃப்டை ஏழெட்டு முறை தூக்கி இறக்குங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேறும். பிறகு லிஃப்ட் கைகளை இறக்கி, இன்ஜினை நிறுத்தி, டிப் ஸ்டிக்கைப் பாருங்கள். புதிய ஃபில்டர் தன் பங்குக்குக் குடித்திருக்கும், அதை ஈடுகட்டி ஊற்றுங்கள்.

கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். பம்ப்பிலிருந்து லிஃப்டுக்குப் போகும் குழாய்களில் அழுத்தம் மிக அதிகம். ஊசித்துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அப்படிக் காயம் பட்டால், வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்ஜின் ஆயில் ஃபில்டர் அதே மரையில் அழகாகப் பொருந்துகிறது. விலையும் குறைவு. போடலாமா? (ஒட்டன்சத்திரம்)

வேண்டாம். இன்ஜின் ஃபில்டருக்குள் ஆயிலைப் பம்ப் தள்ளுகிறது. ஹைட்ராலிக் ஃபில்டர் வழியாகப் பம்ப் ஆயிலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் ஃபில்டரில் ஆயில் தடையில்லாமல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் முதல் கேள்வியில் சொன்ன ஊளை உங்கள் வண்டியிலும் கேட்கும்.

கம்பி வலை ஃபில்டரை டீசலில் கழுவலாமா? (ஓமலூர்)

கம்பி வலையைக் கழுவி, உலர்த்தி, கிழிசல் இல்லை என்று பார்த்துப் போடலாம். காகித ஃபில்டரைக் கழுவவே கூடாது.

சேற்றுழவு முடிந்ததும் ஆயில் பால் கலந்த டீ போல இருக்கிறது. ஃபில்டரை மட்டும் மாற்றினால் சரியாகிவிடுமா? (மன்னார்குடி)

ஆகாது. ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டு ஆழமான சேற்றில் ஓட்டும்போது அச்சின் ஆயில் சீல், காற்றுப்போக்கி, டிப் ஸ்டிக் மூடி ஆகியவற்றின் வழியாகத் தண்ணீர் நுழையும். வேலை முடிந்து அழுத்தமான தண்ணீரால் கழுவும்போது நுழைவதும் உண்டு. காகிதம் தண்ணீரில் ஊறி வீங்கி வழியை அடைத்துவிடும், பேரிங்குகள் துருப்பிடிக்கும். ஆயில் முழுவதையும் சூடாக இருக்கும்போதே வடித்து, புதியது ஊற்றி, சிறிது நேரம் ஓட்டிப் பாருங்கள். மறுபடியும் வெளுத்தால் மூலைகளில் தங்கிய தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று பொருள். திரும்பவும் வடிக்க வேண்டும். புது ஃபில்டரைக் கடைசியாகப் போடுங்கள். தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடித்து அடைக்காவிட்டால் அடுத்த நடவுக்கும் இதே செலவு வரும்.

ஆயிலில் உள்ள இரும்புத்தூளைப் பிடிக்கும் காந்தத்தில் கறுப்புப் பசை ஒட்டியிருக்கிறது. பயப்பட வேண்டுமா? (ஆத்தூர்)

விரலில் தேய்த்தால் மை போல் வழவழப்பாக இருந்தால் இயல்பான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டுங்கள். நகத்தில் சிக்கும் செதில், ஊசித்துண்டு, பல்லின் சில்லு இருந்தால் கியர் பாக்ஸைத் திறந்து பார்த்தாக வேண்டும்.

பழைய ஃபில்டரை அப்படியே வீசிவிடாதீர்கள். தகரக் கத்தரியால் மேலுறையை வெட்டி, காகித மடிப்புகளை விரித்து வெயிலில் பாருங்கள். காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கு தெரிந்தால் புஷ் போன்ற வெண்கலப் பாகம் தேய்கிறது. ரப்பர் துணுக்குகள் தெரிந்தால் எங்கோ ஒரு சீல் கிழிந்திருக்கிறது. ரம்பத்தால் மட்டும் அறுக்காதீர்கள். அதன் துகள் உள்ளே விழுந்து உங்களைக் குழப்பிவிடும்.

90 நம்பர் கியர் ஆயில் ஊற்றலாமா? (திருக்கோவிலூர்)

கையேடு அதைச் சொன்னால் மட்டும். ஆயிலில் மூழ்கிய பிரேக் உள்ள வண்டிகளுக்குக் கியர், பிரேக், லிஃப்ட் மூன்றுக்கும் பொதுவான டிரான்ஸ்மிஷன் ஆயில்தான் வேண்டும். வேறு ஊற்றினால் பிரேக் பிடிக்கும்போது அதிரும், கிரீச்சிடும்.

வடித்த ஆயிலைக் கரையான் வராமல் மாட்டுக்கொட்டகைத் தூணில் பூசுகிறோம். சரிதானா? (சத்தியமங்கலம்)

நிறுத்திவிடுங்கள். அதில் உலோகத்தூளும் ரசாயனச் சேர்மானங்களும் இருக்கின்றன, மாடு தூணை நக்கும். கிணற்றோரமும் வாய்க்காலும் கூடாது. 2016-ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் பழைய ஆயிலும் வருகிறது. மூடியுள்ள கேனில் சேர்த்து, அனுமதி பெற்ற மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். பழைய ஃபில்டரையும் இரவு முழுக்கக் கவிழ்த்து வடியவிட்டு அவர்களிடமே ஒப்படையுங்கள்.