மாசமாக இருக்கும்போது மீனை நிறுத்தலாமா?

கேள்வி: எனக்கு இது இரண்டாவது பிள்ளை, ஏழாவது மாதம். மூத்தவனுக்கு ஒன்றரை வயது; போன மாதம் வரை பால் குடித்தான். டவுனில் ஒரு லேப்பில் ரத்தம் பார்த்தபோது கொலஸ்ட்ரோல் கூட என்று வந்தது. அன்றிலிருந்து மாமியார் மீன், முட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். கிளினிக் மிஸ்ஸோ, "உனக்கு நல்ல கொழுப்பு குறையும், மீன் சாப்பிடு" என்கிறார். கூடுகிறதா, குறைகிறதா?
– கொழுந்து பறிக்கும் வாசகி, மஸ்கெலியா

பதில்: தங்கச்சி, இரண்டுமே நடக்கிறது. ஆனால் மீன் விஷயத்தில் மிஸ் சொல்வதைக் கேளுங்கள்.

பிள்ளை உண்டானால் ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது இயல்பு. கடைசி மூன்று மாதத்தில் ட்ரைகிளிசரைட் என்ற ரத்தக் கொழுப்பு இரண்டு மூன்று மடங்குகூட ஆகும், கொலஸ்ட்ரோலும் ஏறும். பிரசவத்துக்கு அப்புறம் இறங்கிவிடும். அந்த ஒரு ரிப்போர்ட்டை வைத்து வயிற்றுப்பிள்ளைக்காரிக்குப் பத்தியம் போடுவது எனக்குச் சரியாகவே படவில்லை. ரிப்போர்ட்டை அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் காட்டுங்கள். அளவுக்கு மீறிய ஏற்றமா என்று அவர் பார்ப்பார்.

குறைவது வேறொன்று. லினோலெயிக், ஆல்ஃபா லினோலெனிக் என்ற இரண்டு கொழுப்பமிலங்களை நம் உடம்பால் செய்ய முடியாது; சாப்பாட்டில்தான் வர வேண்டும். இரண்டாவதிலிருந்து டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு உண்டாகும், அதுவும் கொஞ்சம்தான். மிஸ் சொன்ன நல்ல கொழுப்பு இதுதான். பிள்ளையின் மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டியது அது. கடைசி மாதங்களில் மூளை வேகமாக வளரும்போது, நஞ்சுக்கொடி டி.எச்.ஏ.யைத் தேடி எடுத்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. தாயின் ரத்தத்தில் மொத்தக் கொழுப்பு கூடினாலும் அதில் டி.எச்.ஏ.யின் பங்கு குறைந்துகொண்டே வரும். நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்டில் 1990களில் ஆராய்ந்தபோது, தலைப்பிள்ளைக்காரிகளைவிட முன்பே பிள்ளை பெற்றவர்களுக்கு அது குறைவாக இருந்தது. உங்கள் மூத்தவன் குடித்த பாலிலும் போயிருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு மீன் வேண்டும் என்று அழுத்திச் சொல்கிறேன்.

கர்ப்பிணிக்கு நாளைக்கு 200 மில்லிகிராம் டி.எச்.ஏ.யாவது வேண்டும் என்பது பொதுவான அளவு. ரொட்டியிலும் பருப்பிலும் அது கிடையாது. தேங்காய் எண்ணெயில் ஆல்ஃபா லினோலெனிக்கும் இல்லை என்றே சொல்லலாம். சோயா மீட்டோ பெரும்பாலும் எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்வது, அதனால் அதிலும் அதிகம் இராது. மலைக்கு நல்ல மீன் தினம் வராது, வந்தாலும் விலை என்பது தெரியும். விலை கூடிய மீன் தேவையில்லை. சாளை போதும். வாரத்தில் இரண்டு மூன்று நாள், நன்றாக வேகவைத்துக் குழம்பாக வையுங்கள். பச்சை மீன் இல்லாத வாரம் டின் மீன். அதன் முள்ளும் மெத்தென்று இருக்கும், சேர்த்தே சாப்பிடலாம், கல்சியம். நெத்தலிக் கருவாடு என்றால் சுடுநீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள். பிரஷர் இருந்தால் கருவாடே வேண்டாம். சுறா போன்ற பெரிய மீனில் பாதரசம் சேரும், அதையும் விடுங்கள். முட்டை மஞ்சள் கருவிலும் சிறிது டி.எச்.ஏ. உண்டு. கிளினிக்கில் தரும் திரிபோஷா சத்துமாவை வீட்டாருக்குப் பங்கு போடாமல் நீங்களே சாப்பிடுங்கள். அது மீனுக்கு மாற்று அல்ல.

யாராவது மீன் ஈரல் எண்ணெய்க் குளிசை வாங்கித் தந்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். அதில் விட்டமின் ஏ அதிகம். கர்ப்பத்தில் அது கூடினால் பிள்ளைக்குக் கெடுதல். ஒமேகா-3 குளிசை வேறு, அதையும் டொக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.

மாமியார் உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் நிறுத்தினார். அடுத்த கிளினிக்குக்கு அவரையும் கூட்டிப்போங்கள், மிஸ்ஸே நேரில் சொல்லட்டும். பிள்ளை பிறந்து பால் கொடுக்கும் காலத்திலும் உங்களுக்கு மீன் வேண்டும் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளட்டும்.